பின்னணியில் ஒரு தறி

அத்தியாயம் 6

"மேடம், என் காது போச்சு."

தாவீது ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். சுண்டுவிரலை விட்டு இரண்டு காதையும் மாறி மாறிக் குடைந்தான்.

"வேலூர்லேர்ந்து நீ பேசிக்கினு வந்ததுக்கு என் காதுதான் போயிருக்கணும்," என்றார் ரேணுகாம்பாள்.

"இல்ல மேடம். பிள்ளையார்பாளையம்னு கண்ணு சொல்லுது, காது ஒத்துக்க மாட்டேங்குது. சின்ன வயசுல இந்தத் தெருவுல சைக்கிள் பெல் அடிச்சா எனக்கே கேக்காது. வீட்டுக்கு வீடு தறி. இப்ப பாருங்க, ஈ பறக்கறது கேக்குது."

ரேணுகாம்பாள் தெருவைப் பார்த்தார். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கதவுகள் திறந்துதான் கிடந்தன. உள்ளே பட்டுத் தறிகள் மேலே துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றன. டீக்கடை ஓரம் நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

ரேணுகாம்பாள் போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். தாவீது அவருடைய உதவியாளன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தாமல் ஊர்க்காரன். ஓட்டுநர் உரிமத்தைப் பறிகொடுத்தவன், வாயைப் பறிகொடுக்காதவன். ஆகவே ஓட்டுவது அவர், பேசுவது இவன்.

"கேஸ முதல்லேர்ந்து சொல்லு," என்றார். வழி அடைத்துக்கொண்டால் அவர் இப்படித்தான் கேட்பார்.

தாவீது ரேடியோவில் செய்தி வாசிப்பவனைப் போலத் தொண்டையைச் செருமினான்.

"ராணுவத்துக்கு ரேடியோ வாங்கணும். கம்பெனிங்க விலை போடுது. எவன் என்ன விலை கேக்கறான், உள்ள இன்னா வெச்சுச் செய்யறான், எல்லாத்தையும் திறக்கற நாள் வரைக்கும் பூட்டி வெக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதக் கட்டினது சங்கரி, சிஸ்டம்ஸ் இன்ஜினியர், இதே தெரு. கட்டின நாள்லேர்ந்து ஒரு சொட்டு ரகசியம் வெளிய போனதில்ல. டெல்லியில விருது தர்றதா இருந்தாங்க."

"எப்படித் திறக்கும்?"

"ஒருத்தரா திறக்க முடியாது. ஒருத்தர் உத்தரவு சொல்லணும், இன்னொருத்தர் திறக்கணும். சொல்றது சங்கரி. திறக்கறது குமரகுரு, சென்னை ஆபீஸ்ல. அவசரம்னா ஃபோன்ல சொல்லலாம். ஆனா குமரகுரு மேஜைக்கு வர்ற ஃபோன் எல்லாம் தானா பதிவாகும்."

"அப்புறம்?"

"போன மாசம் ஃபோன் வந்துது. சங்கரி குரல், சங்கரி வீட்டு நம்பர். 'ஏதோ கோளாறு, பெட்டியத் திறந்து பாருங்க'ன்னு. அவரும் திறந்தாரு. சாயந்திரத்துக்குள்ள விலைங்க எல்லாம் ஒரு கம்பெனி கையில. குமரகுருவுக்கு எச்சரிக்கை, 'இனிமே பாத்து நடந்துக்கப்பா'ன்னு. சங்கரிக்கு சஸ்பென்ஷன். நாளைக்குக் கடைசி விசாரணை. அதுல தேறலன்னா வேலையும் போச்சு, விருதும் போச்சு, ஜெயிலு."

"சங்கரி என்ன சொல்றா?"

"அதான் கேஸே. வாயத் திறக்கல. போன விசாரணையில அந்தப் பதிவத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாங்களாம். அப்புறம் 'எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல'ன்னு உக்காந்துட்டாங்களாம்."

இந்தக் கேஸை அவர்களிடம் கொண்டுவந்தவர் கமலாட்சி அம்மாள். சங்கரியின் பழைய தலைமை அதிகாரி, ஓய்வு பெற்றவர். விசாரணையில் சங்கரிக்குத் துணையாக வாதாட ஒப்புக்கொண்டிருப்பவர். தனக்குக் கிடைத்த பதிவின் நகலை தாவீதின் ஃபோனில் ஏற்றிக் கொடுத்து, "அந்தப் பொண்ணு பொய் சொல்ல மாட்டா, உண்மையையும் சொல்ல மாட்டேங்கறா" என்று கண் கலங்கியிருந்தார்.

நம்பரை மாற்றிக் காட்டலாம், குரலைக்கூட கம்ப்யூட்டரில் செய்துவிடலாம் என்பதை விசாரணைக் குழுவும் அறியும். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. தறிகள் நிறைந்த தெருவில் இருக்கிறது சங்கரியின் வீடு. அங்கிருந்துதான் பேசினாள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று குழு மடக்கியது. தெருவின் சத்தத்தையும் பதிவின் சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏதாவது இடிக்கும் என்று ரேணுகாம்பாள் கணக்குப் போட்டிருந்தார்.

அவர் கேரம் பலகைக்கு அருகே போனார்.

"என்னங்க, இன்னிக்கு யாரும் தறியில உக்காரலயா?"

ஸ்டிரைக்கரை வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வேலாயுதம், எதிர்வீட்டு நெசவாளி.

"இன்னிக்கு அமாவாசைமா. தறியில கை வெக்க மாட்டோம். மாசத்துக்கு இது ஒரு நாளு எங்களுக்கு லீவு."

"அவசர ஆர்டர் வந்தா?"

"பொண்ணு மணவறையில உக்காந்துக்கினு சேலை எங்கன்னு கேட்டாலும் சரி, நாளைக்குத்தான்."

தாவீது தலையில் கை வைத்தான். "ஒரு டீ போடுப்பா. வந்ததுக்கு அதாவது மிஞ்சட்டும். நல்ல நாள் பாத்து வந்தோம் மேடம். ஒரு மாசம் முன்னாடி, அந்த ஃபோன் வந்த அன்னிக்கே வந்திருந்தா..."

ரேணுகாம்பாள் அவனைப் பேசவிடவில்லை. டீக்கடைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. அதன் தாளைத் தூக்கி, அடியில் மடித்துச் செருகியிருந்த போன மாதத்துத் தாளை இழுத்துப் பார்த்தார்.

"ஃபோன் வந்த தேதி என்னப்பா?"

தாவீது சொன்னான். அந்தக் கட்டத்தில் கறுப்பாக ஒரு முழு வட்டம் இருந்தது.

"போன அமாவாசைக்கு இந்தத் தெருவுல யாராச்சும் தறி ஓட்டினாங்களா?"

"ஓட்டிட்டு இந்தத் தெருவுல தலை காட்ட முடியுமா?" என்றார் வேலாயுதம், கோபமே வந்துவிட்டது அவருக்கு.

தாவீதுக்கு டீ புரை ஏறியது. "தெருவே லீவு. திருடன் மட்டும் ஓவர்டைம் பாத்திருக்கான்!"

"காஞ்சிபுரம்னா எப்பவும் தறிச் சத்தம் கேக்கும்னு நினைச்சிருக்கான். இந்தத் தெருவுக்கு வந்து பாக்காத ஆளு. வா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாம்."

சங்கரியின் வீட்டுக் கதவைத் தட்டும்போது தாவீது ஏறக்குறைய ஆடிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். வந்தவர்கள் யாரென்று சொன்னதும் தலையசைத்து உள்ளே விட்டாள். முன்கூடத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜைமேல் ஒன்றும் இல்லை. அலுவலகம் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. மேஜைக்கு அடியில் தரையில் ஒரு சதுரம் மட்டும் புது சிமெண்டாக வெளுத்திருந்தது. ஒரு காலத்தில் தறிக்குழி இருந்த இடம்.

சங்கரி காபி கொண்டுவந்தாள். ரேணுகாம்பாளுக்கு டம்ளரில், தாவீதுக்குக் கிண்ணத்தில்.

"மன்னிச்சிக்கோங்க. டம்ளர் ஒண்ணுதான் இருக்குது."

தாவீதின் வாயில் ஒரு கிண்டல் நுனிவரைக்கும் வந்தது. அவன் அதைக் காபியோடு விழுங்கினான்.

"அன்னிக்கு உங்ககூட வீட்ல யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டார் ரேணுகாம்பாள்.

"எப்பவுமே யாரும் இல்ல மேடம்."

"அக்கம்பக்கத்துல?"

"என் வேலையப் பத்தி நான் வெளிய பேசக் கூடாது. 'என்னம்மா வேலை'ன்னு கேப்பாங்க. கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்வேன். அதுக்கு மேல பதில் சொல்லாமயே இருந்தேனா, அவங்களும் கேக்கறத விட்டுட்டாங்க."

ரேணுகாம்பாள் அமாவாசையைப் பற்றிச் சொன்னார். துள்ளிக் குதிக்க வேண்டாம், ஒரு பெருமூச்சாவது விடுவாள் என்று எதிர்பார்த்தார். சங்கரி "ஆமா" என்றாள். அவ்வளவுதான்.

ரேணுகாம்பாள் கண்ணைச் சுருக்கினார். "தாவீது, அந்தப் பதிவப் போடு."

அவன் ஃபோனை மேஜைமேல் வைத்தான். சங்கரியின் குரல், கொஞ்சமும் பிசிறில்லாமல், பெட்டியைத் திறக்கச் சொன்னது. குரலுக்குப் பின்னால் தறி. தட், தட். பிறகு மெலிதாக ஒரு 'ம்'. ஒரு நொடி இடைவெளி. மறுபடி தட், தட். மறுபடி 'ம்'.

"திரும்பப் போடு."

இந்த முறை ரேணுகாம்பாள் ஃபோனைப் பார்க்கவில்லை. நாற்காலி வேண்டாமென்று சுவரில் சாய்ந்து நின்ற சங்கரியின் வலது கையைப் பார்த்தார். ஒவ்வொரு 'ம்'முக்கும் அந்தக் கை துளி அசைந்தது. எதையோ பக்கவாட்டில் தள்ளியது. நின்றது. அடுத்த 'ம்'முக்கு மறுபடி தள்ளியது.

"சங்கரி, உங்க கை என்ன பண்ணுது?"

சங்கரி தன் கையைக் குனிந்து பார்த்தாள். சட்டென்று புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு, மறைத்துப் பயனில்லை என்று தோன்றியதோ என்னவோ, வெளியே எடுத்தாள்.

"கரை ஒரு கலரு, உடம்பு ஒரு கலரா நெய்யற சேலைக்கு ஒரு ஆள் போதாது மேடம். கோர்வைன்னு சொல்வோம். நெய்யறவர் நடுவுல உக்காருவாரு. கரைப் பக்கம் நூல் கொண்டுபோற நாடாவத் தள்ள இன்னொரு ஆளு வேணும். எங்க வீட்ல அம்மா தள்ளுவாங்க. அம்மா போனப்புறம் நான். அப்பா 'ம்'னு சொல்வாரு. நான் தள்ளணும்."

"அப்ப இது..." என்றான் தாவீது.

"எங்கப்பா. கைலாசம். அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

வெளியே கேரம் காய்கள் சிதறும் சத்தம் கேட்டது. ஓடாத நாளில், இல்லாத தறியில், இறந்துபோனவர் நெய்த சத்தத்தை வைத்து ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்கள்.

"கொரோனா சமயத்துல வீட்லேர்ந்து வேலை," என்றாள் சங்கரி. "காதுல இயர்ஃபோன், கையில நாடா. அந்தப் பெட்டிய ஒருத்தரா திறக்க முடியாத மாதிரி செய்யணும்னு எனக்குத் தோணினதே இங்க உக்காந்துதான். ரெண்டு பக்கம் ரெண்டு பேரு. ஒருத்தர் இல்லன்னா ஒண்ணும் நகராது."

"இயர்ஃபோன்ல அந்தப் பக்கம் யாரு பேசிக்கினு இருந்தது?"

சங்கரி டம்ளரையும் கிண்ணத்தையும் எடுத்து ஒன்றாக வைத்தாள்.

"பாருங்கம்மா. உங்க குரல அப்படியே செய்யணும்னா உங்க பேச்சு நிறைய வேணும். உங்கப்பா தறியும் கூட இருக்கற பேச்சு. அது யாருகிட்ட இருக்குது?"

"குமரகுரு," என்றாள் சங்கரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்ப தினமும் அவர்தான் கூப்பிடுவாரு. பெட்டிய எப்படிக் கட்டறதுன்னு மணிக்கணக்கா பேசுவோம். கூடாதுன்னாலும், மறந்து போயிடும்னு எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சிக்குவாரு."

தாவீது விசிலடிக்க வாயைக் குவித்து, அடிக்காமல் விட்டான். தனி ஆளாகத் திருட முடியாத பெட்டி அது. இரண்டாவது ஆள் கிடைக்காததால் குமரகுரு கம்ப்யூட்டரில் ஒரு சங்கரியைச் செய்துகொண்டார்.

"ஏன் செஞ்சாரு?"

"ரெண்டு பேர் நெய்ஞ்ச சேலை மேடம் அது. விருது என் ஒருத்தி பேருக்கு வந்துது. அவர் பேரையும் போடுங்கன்னு நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல. அதுக்கப்புறம் அவரு கூப்பிடறதில்ல. அந்தக் கம்பெனி அந்த நேரம் பாத்து அவரப் பிடிச்சிருக்கணும்."

"போன விசாரணையிலயே உங்களுக்கு இது தெரியும்?"

"முதல் 'ம்'லயே தெரிஞ்சிடுச்சு."

தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் ஏங்க வாய மூடிக்கினு இருந்தீங்க? ஜெயிலுங்க! கல்யாண மண்டபம் இல்ல!"

சங்கரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது.

"என்கிட்ட அப்பா குரல் ஒண்ணுகூட இல்லப்பா. வேலை செய்யற இடத்துல எதையும் நான் பதிவு பண்ணக் கூடாது, அது விதி. வீட்டுக்கே வேலை வந்தப்புறம் வீட்லயும் பண்ணல. அன்னிக்கு அத்தன ஆபீசருங்க முன்னாடி திடீர்னு அப்பா 'ம்'னாரு. என்னால தாங்க முடியல. திரும்பப் போடுங்க, திரும்பப் போடுங்கன்னு கேட்டேன். இது போலின்னு சொன்னா அப்பாவையும் சேத்துப் போலின்னு எழுதி மூடிடுவாங்கன்னு தோணிச்சு. அப்புறம் குமரகுருவும்... எனக்கு ஃபோன் பண்ணின ஒரே ஆளு அவரு. அவரயும் நானே பிடிச்சுக் குடுத்துட்டா, அப்புறம் யாரு?"

தனியாக இருக்கிறவர்களுக்கு இன்னொரு தனி ஆளை உடனே தெரிந்துவிடும். ரேணுகாம்பாள் யாரும் பார்க்காத டி.வி.யை ஓடவிட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர். அவர் சங்கரியின் கையைப் பிடித்து அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒண்ணு. அந்த ரேடியோவத் தோள்ல மாட்டிக்கினு எங்கயோ பனியில ஒருத்தன் நிக்கப்போறான். அவன் கூப்பிட்டா அந்தப் பக்கம் நம்ம ஆளு கேக்கணும். உள்ள என்ன இருக்குதுன்னு விலை குடுத்துத் தெரிஞ்சிக்கினவன் கேக்கக் கூடாது. அவனுக்காகத்தான அந்தப் பெட்டியக் கட்டினீங்க?"

சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் ஃபோனை எடுத்தாள்.

"அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். எப்பவும் அந்த மேஜையிலதான் இருப்பாரு."

நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"குமரகுரு, நான் சங்கரி."

"சங்கரி, விசாரணை முடியற வரைக்கும் நாம பேசக் கூடாது. வெச்சிடறேன்."

"விசாரணையப் பத்திப் பேசல. அப்பா தறி... நாம பேசினது எல்லாம் இருந்துதே. அத அழிச்சிட்டீங்களா?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. தாவீது மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாவ இன்னொரு தடவ கேக்கணும் குமரகுரு. அதுக்குத்தான் கேக்கறேன். அழிச்சிட்டீங்களா?"

"இல்ல," என்றது மறுமுனை. குரல் உடைந்திருந்தது. "எதையும் அழிக்கல சங்கரி. வேண்டியத வெட்டி எடுத்தேன், அவ்வளவுதான். மத்ததெல்லாம் அப்படியே..."

பேச்சு பாதியில் நின்றது. தான் எந்த மேஜையில் உட்கார்ந்து, எந்த ஃபோனில் பேசுகிறோம் என்பது அப்போதுதான் அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டும். தொடர்பு அறுந்தது.

"மேடம்," என்றான் தாவீது மெதுவாக. "அந்த மேஜைக்கு வர்ற ஃபோன் எல்லாம்..."

"தானா பதிவாகும்."

"யாராலயும் அழிக்க முடியாது," என்றாள் சங்கரி. "நான்தான் அப்படி வெச்சேன்."

"அவர மாட்ட வெக்கத்தான கூப்பிட்டீங்க? சூப்பருங்க!"

"இல்லப்பா. அது இருக்குதான்னு தெரிஞ்சிக்கத்தான் கூப்பிட்டேன்." சொல்லிவிட்டு அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்டு ஒரு பெண் இப்படி அழுவதை தாவீது அதுவரை பார்த்ததில்லை. அவனுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

ரேணுகாம்பாள் வாசலுக்கு வந்து கமலாட்சி அம்மாளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அமாவாசை, தறி, இப்போது அலுவலகத்திலேயே பதிவாகியிருக்கும் பேச்சு. அந்த அம்மாள் சந்தோஷத்தில் கத்தினார். "நான் சொன்னேன்ல! நாளைக்கே வேலை திரும்பக் கெடைக்கும். விருதுல அவ பேருதான்!"

"அது இருக்கட்டும்மா. அந்த ஆள்கிட்டேர்ந்து பழைய பதிவுங்கள எடுப்பாங்க இல்ல? அதுல ஒரு நகல் அவளுக்கு வாங்கிக் குடுங்க. விருத விட அது முக்கியம்."

உள்ளே தாவீது தன் ஃபோனை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

"இதுல சார்ஜ் கொறைவா இருக்குதுங்க. கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டும். நான் டீ சாப்ட்டு வந்து வாங்கிக்கறேன்."

ஃபோனில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. சங்கரிக்கும் அது தெரிந்தது. அவள் ஃபோனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

இருவரும் டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்தது. தட், தட். ஒரு இடைவெளி. தட், தட்.

வேலாயுதம் கேரம் பலகையிலிருந்து தலையைத் தூக்கினார். முகம் சிவந்தது.

"யாருடா அது? அமாவாசையும் அதுவுமா தறி ஓட்டறவன்!"

எழுந்து இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றார். காதைச் சாய்த்தார். உள்ளே யாரோ 'ம்' என்றார்கள்.

"கைலாசமா?" என்றார் வேலாயுதம், யாரிடம் என்று இல்லாமல்.

தாவீது ஆமென்று தலையசைத்தான்.

வேலாயுதம் திரும்பி வந்து உட்கார்ந்தார். "சரி, அவன் ஓட்டட்டும்," என்றார்.

ஸ்டிரைக்கரை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார். அந்தச் சத்தம் ஓயும்வரை யாரும் காய் அடிக்கவில்லை.